எண்ணிக்கை இருந்தது, எண்ணெய் காறியிருந்தது

கைலி முடிச்சுக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைச் செருகி, அதன்மேல் இரண்டு கையையும் பொத்தியபடி, யாங்கோன் டாக்ஸி ஒன்றின் பின்சீட்டில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். தாம்வேயில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து டவுனுக்குள் இருக்கும் அந்த லேபுக்குச் சாதாரணமாக இருபது நிமிடம்தான். அன்றைக்கு மழை, வண்டி நகரவில்லை. விந்து மாதிரி எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், உடம்புச் சூடு விட்டுப்போகக் கூடாது, அதற்கு முன்னால் குறைந்தது இரண்டு நாள், அதிகம் போனால் ஏழு நாள் விலகியிருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். லேபிலேயே எடுத்துக் கொடுக்கலாம்தான். ஆனால் அங்கே காட்டிய கழிவறைக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. வெளியே சர்க்கரை டெஸ்டுக்கு வந்த ஒரு பாட்டி என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடியவில்லை, வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

டிரைவர் வாயில் குன்யா, அதாவது வெற்றிலைபாக்கு. சிக்னலில் கதவைத் திறந்து சிவப்பாக ஒரு துப்பு துப்பிவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்து, "வயிற்று வலியா?" என்று பர்மியில் கேட்டார். ஆமாம் என்றேன். பாவம், அதற்கப்புறம் குறுக்குச் சந்தெல்லாம் புகுந்து ஓட்டினார்.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத்தான் இந்தப் பயணம். அந்த ஆறு வருடமும் பரிசோதனை என்றால் என் மனைவிக்குத்தான். ரத்தம் எடுத்தார்கள், ஹார்மோன் பார்த்தார்கள், கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள், வயிற்றில் துளை போட்டு உள்ளே கேமரா விட்டும் பார்த்தார்கள். காளி கோயிலில் தொட்டில் கட்டினோம். அம்மா ஊரிலிருந்து வரவழைத்த ஒரு லேகியத்தை அவள் தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். முதலில் போன மருத்துவமனையில் நான் செய்த வேலை அவளுடைய கைப்பையைப் பார்த்துக்கொண்டதுதான். என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் வாழ்க்கையில் எப்போதாவது பிள்ளையின்மை என்ற இந்தக் குறையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த கணக்கு. அப்போது தெரிந்திருந்தாலும் போயிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ரிப்போர்ட் வந்ததும் முதல் வரியைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மில்லிக்கு 5 கோடியே 10 லட்சம் விந்தணு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டில் கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம். மூன்று மடங்குக்கு மேலே நிற்கிறேன்! மனைவியிடம் ரிப்போர்ட்டை நீட்டிய நீட்டலை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி நின்றிருக்கிறேன்.

புது டாக்டர் ஒரு பர்மியப் பெண்மணி. இங்கே ஸயாமா என்று கூப்பிடுவோம், டீச்சருக்கும் டாக்டரம்மாவுக்கும் ஒரே சொல். அவர் முதல் வரியைப் பார்க்கவே இல்லை. பேனாவால் நாலு வரி கீழே போய் இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். முன்னோக்கி நீந்துபவை 14 சதவீதம், குறைந்தது 30 இருக்க வேண்டும். வெள்ளை அணுக்கள் ஒரு மில்லிக்கு 10 லட்சத்தைத் தாண்டியிருந்தன, அது எச்சரிக்கைக் கோடு. பிறகு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றார். எண்ணெய்க் கடை என்றேன். "அப்போ உங்களுக்குச் சொல்வது சுலபம். உங்களிடம் ஆள் நிறைய இருக்கிறது. எண்ணெய்தான் காறிப்போயிருக்கிறது" என்றார்.

அவர் அதைச் சொன்னது பர்மியில். எனக்கு அது தமிழில்தான் கேட்டது. எண்ணிக்கை இருக்கிறது, எண்ணெய் சரியில்லை. சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

*

எங்கள் கடை, பெரியவர்கள் இன்னமும் மொகல் ஸ்ட்ரீட் என்று சொல்கிற ஷ்வே பொந்தா தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. தாத்தா தொடங்கியது. 1964இல் இந்தியர்கள் வெளியேற வேண்டிவந்து, அக்கம்பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் கப்பலேறியபோதும் எப்படியோ ஒட்டிக்கொண்டு நின்றோம். கடலையெண்ணெயும் நல்லெண்ணெயும் மக்வே பக்கத்திலிருந்து வரும், அதை நாட்டின் எண்ணெய்ச் சட்டி என்பார்கள். விற்பது இன்றைக்கும் வீசைக் கணக்கில்தான். ஒரு வீசை 1 கிலோ 630 கிராம் சொச்சம். பர்மாக்காரர் பெய்தா என்பார், வெள்ளைக்காரன் நம் சொல்லையே எடுத்து விஸ் என்று எழுதிக்கொண்டான்.

எண்ணெய்க் கடையில் வளர்ந்தவனுக்கு மூக்குதான் மூலதனம். டின் மூடியைத் திறந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, மற்றக் கையால் நன்றாகத் தேய்த்து, சூடு ஏறியதும் முகர வேண்டும். நல்ல கடலையெண்ணெய் என்றால் வறுத்த கடலை வாசம் முதலில் வரும். காறல் தொடங்கிய எண்ணெயில் முதலில் வாசமே வராது, ஒரு மூச்சு கழித்துத் தொண்டைக்குப் பின்னால் ஏறும். பழைய பெயின்ட், பச்சைப் புல், ஈரத்துணி மூன்றும் சேர்ந்த மாதிரி. சிக்கு வாடை என்பார் அப்பா. மூக்குக்குப் பழகாதவர்கள் அதே டின்னை நல்ல எண்ணெய் என்று வாங்கிப் போவார்கள்.

எந்த எண்ணெய் சீக்கிரம் காறும் என்பதற்கு அப்பா வைத்திருந்த கணக்கு, குளிரில் உறைகிற எண்ணெய் நிற்கும், உறையாதது ஓடும். தேங்காயெண்ணெயும் பாமாயிலும் மார்கழிக் குளிரில் கட்டிப்படும், மாதக்கணக்கில் நிற்கும். மீனெண்ணெய் இந்தக் குளிருக்கு உறையாது, திறந்து வைத்தால் சில நாளில் முகர முடியாது. நல்லெண்ணெய் மட்டும் விதிவிலக்கு. உறையவும் உறையாது, சீக்கிரம் கெடவும் கெடாது. எள்ளுக்குள்ளேயே செஸாமால் என்று ஒரு காவல் சரக்கு இருக்கிறது. அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது, "எள்ளு தன்னைத் தானே காப்பாத்திக்கும்டா" என்பார்.

இதற்குக் காரணம் எண்ணெயின் மூலக்கூறில் இருக்கும் இரட்டைப் பிணைப்பு. அது அதிகமாக அதிகமாக எண்ணெய் இளகி ஓடும், ஆனால் ஆக்சிஜன் வந்து கடிக்கிற இடமும் அதுதான். பாமாயிலில் குறைவு, கடலையெண்ணெயில் அதைவிடக் கூடுதல், மீனெண்ணெயின் டிஹெச்ஏ என்ற கொழுப்பமிலத்தில் ஒன்றுக்கு ஆறு. ஸயாமா சொன்னதில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது இந்த இடம்தான். விந்தணுவின் மேல்தோலில் நிறைய இருப்பது அந்த டிஹெச்ஏவேதான். வால் வளைந்து வளைந்து அடிக்க வேண்டும், கடைசியில் கருமுட்டையின் தோலோடு ஒட்டிக் கலக்க வேண்டும். கட்டிப்படுகிற எண்ணெயை வைத்துக்கொண்டு அந்த வேலை நடக்காது. அதனால் உலகத்திலேயே சீக்கிரம் காறுகிற சரக்கை எடுத்து அதற்குச் சட்டை தைத்திருக்கிறது இயற்கை. நானாக இருந்தால் அந்தச் சரக்கைக் கடைக்குள்ளேயே ஏற்றியிருக்க மாட்டேன்.

*

அது காறினால் என்ன? கொஞ்சம் நாறும், அவ்வளவுதானே என்றுதான் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

எண்ணெய் காறும்போது கொழுப்பமிலம் உடைந்து ஆல்டிஹைடு என்ற வகைச் சில்லறைத் துண்டுகள் விழுகின்றன. கடையில் என் தொண்டையில் ஏறுகிற வாடை பெரும்பாலும் இவற்றுடையது. இந்தக் குடும்பத்தில் ஒரு போக்கிரி உண்டு, பெயர் 4-ஹைட்ராக்சிநோனெனல். பலகாரக் கடையில் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் உண்டாவதும் இதுதான். இதன் கெட்ட குணம், சும்மா இருக்காது, புரதத்தைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். பலாப்பழம் அரிந்த கையில் பால் ஒட்டுமே, அப்படி. ஒட்டிய இடத்தில் அந்தப் புரதத்தின் வடிவம் கெடும், வேலை கெடும்.

வேறு செல்லாக இருந்தால் சமாளித்துவிடும். ஒரு புரதம் கெட்டால் அதைக் குப்பையில் போட்டு, ஜீனைப் படித்துப் புதிதாக ஒன்று செய்துகொள்ளும். விந்தணுவுக்கு அந்த வசதி இல்லை. பயணத்துக்காக மூட்டை முடிச்செல்லாம் கழித்துவிட்டு, தலையில் டிஎன்ஏ, கழுத்தில் மைட்டோகாண்ட்ரியா, பின்னால் வால் என்று கிளம்பியது அது. டிஎன்ஏவும் படிக்கவே முடியாத அளவுக்கு இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். புதுப் புரதம் செய்ய ஏறக்குறைய வழியே கிடையாது. கிளம்பும்போது கையில் இருந்ததுதான் கடைசிவரை.

முதல் அடி கழுத்தில் விழுகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் டிஹைட்ரோஜினேஸ் என்று ஒரு என்சைம், எலக்ட்ரான்களைக் கைமாற்றிக் கொடுக்கிற வேலை அதற்கு. போக்கிரி அதன்மேல் ஒட்டியதும் கைமாற்றம் தவறி எலக்ட்ரான் சிந்துகிறது. சிந்திய எலக்ட்ரானை ஆக்சிஜன் பிடித்துக்கொண்டு சூப்பர்ஆக்சைடாக மாறுகிறது. அது மறுபடி எண்ணெயைக் கடிக்கிறது, மறுபடி ஆல்டிஹைடு, மறுபடி ஒட்டல். ஆஸ்திரேலியாவில் ஜான் எய்ட்கன் என்பவரின் குழு 2012இல் இந்தச் சுழலை எழுதிக் காட்டியது. ஒரு டின் காறினால் பக்கத்து டின்னைக் கெடுக்காது. இங்கே தன்னைத் தானே கெடுத்துக்கொண்டே போகிறது.

அடுத்தது வால். வாலுக்குள் டைனீன் என்ற புரதம்தான் துடுப்பு போடுகிற ஆள். அதிலும் இந்த ஒட்டல் விழுவதைக் கண்டிருக்கிறார்கள். என்னுடைய 14 சதவீதத்துக்கு இதுதான் காரணம் என்று யாரும் நிரூபித்துக் காட்டவில்லை, ஆனால் அந்தப் பெயரைப் படித்தபோது யாரோ ஆளைச் சுட்டிக் காட்டியது போல இருந்தது.

மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நீந்திப் போய்ச் சேர்ந்த பிறகும் விந்தணுவுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கருமுட்டையின் மேலுறையை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கிற கை முதலிலேயே வெளியில் நீட்டிக்கொண்டிருப்பதில்லை. பெண்ணின் உடம்புக்குள் போய்ச் சில மணி நேரம் பதப்பட்ட பிறகுதான், ஹெச்எஸ்பிஏ2 என்ற துணைப் புரதம் அந்தக் கைகளை மேல்தோலுக்குக் கொண்டுவந்து சரியாக அடுக்கி வைக்கிறது. கல்யாண வீட்டில் பந்தி நடத்துகிற சித்தப்பா மாதிரி. போக்கிரி இந்த ஹெச்எஸ்பிஏ2வில் ஒட்டிக்கொண்டால் அடுக்குகிற வேலை நின்றுபோகிறது. விந்தணு உயிரோடு இருக்கும், நீந்தவும் கூடும், முட்டை வாசல்வரை போய் நின்று கதவைத் தட்டத் தெரியாமல் நிற்கும். எங்கள் ரிப்போர்ட்டில் எந்த வரியிலும் இது வராது. 2021 கையேட்டில்கூட டிஎன்ஏ உடைசலைப் பார்ப்பதும் ஆக்சிஜன் கடிக்கிற அளவை, அதாவது ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைப் பார்ப்பதும் வழக்கமான பரிசோதனைக்கு அப்பால், கூடுதல் வகையில்தான் இருக்கின்றன. புரதம் புரதமாகப் பார்ப்பது இன்னும் ஆராய்ச்சிக்கூடத்து வேலை. கவுண்ட் நன்றாக இருக்கிறது என்று எத்தனை ஆண்களை இதுவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்!

*

அப்படியானால் ஆக்சிஜனே எதிரியா என்றால், அதுவும் இல்லை. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு நாளாயிற்று. 1943இலேயே ஜான் மக்லியோட் என்பவர் விந்தணுவை அதிக ஆக்சிஜனில் வைத்தால் அது ஓட்டம் நிறுத்துவதையும், கேட்டலேஸ் என்சைமைச் சேர்த்தால் தப்பிப்பதையும் கண்டார். ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கிற என்சைம் அது. ஆக, கொல்வது ஆக்சிஜன் இல்லை, ஆக்சிஜனிலிருந்து பிறக்கிற பெராக்சைடு. (அந்த வருடம் ரங்கூன் ஜப்பான்காரன் கையில் இருந்தது. தாத்தா டின்களை மண்ணில் புதைத்து வைத்து வியாபாரம் பண்ணிய கதையை அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.)

ஆனால் அதே பெராக்சைடும் சூப்பர்ஆக்சைடும் துளியளவு இல்லாவிட்டால் விந்தணு பதப்படாது. முட்டைக்கு அருகே வாலைச் சாட்டை மாதிரி வீசச் சொல்லி வரும் சமிக்ஞையே அந்தத் துளியிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கும் முன்னால், விதையை ஒட்டிச் சுருண்டிருக்கும் குழாயில் விந்தணு முதிரும்போது, டிஎன்ஏவைச் சுற்றியிருக்கும் புரோட்டமீன் புரதங்களின் கந்தக முனைகள் ஒன்றோடொன்று கோத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பும் ஆக்சிஜனேற்றம்தான். பொட்டலத்தை இறுக்கிச் சணல் போடுகிற வேலை.

அதைவிட விசித்திரம் ஜிபிஎக்ஸ்4 என்ற என்சைமின் கதை. செலினியம் என்ற தாதுவைக் கொண்டு வேலை செய்வது. விந்தணு உருவாகும் காலத்தில் கொழுப்பைக் காறாமல் காக்கிற காவல்காரன் அது. முதிர்ந்த பிறகு அதே என்சைம் உருமாறி, ஒன்றோடொன்று பிணைந்து, மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றியிருக்கும் உறையாகவே ஆகிவிடுகிறது. உறையின் சரக்கில் பாதியாவது அதுதான் என்று 1999இல் கண்டுபிடித்தார்கள். காவலுக்கு நின்றவனையே கல்லாக்கிச் சுவரில் வைத்துக் கட்டிவிட்டது போல. சுவர் பலமாக இருக்கும், சரி. ஆனால் காவலுக்கு ஆள் குறைந்துவிட்டது. அதற்கப்புறம் விந்தணுவை முக்கியமாகக் காப்பது அது மிதக்கிற திரவம், அதில் இருக்கும் வைட்டமின் சி, யூரிக் அமிலம் எல்லாம். எள்ளு மாதிரி தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாது.

*

என் எண்ணெய் ஏன் காறியது? ஸயாமா ஒவ்வொன்றாகக் கேட்டார், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளை அணுதான் முதல். கிருமியைக் கொல்ல உடம்பு வைத்திருக்கும் ஆயுதமே சூப்பர்ஆக்சைடும் பெராக்சைடும்தான். விந்துத் திரவத்துக்குள் வெள்ளை அணு கூட்டம் கூடினால் கிருமியோடு விந்தணுவும் சேர்ந்து அடிபடும். கல்ச்சர் எடுத்ததில் கிருமி இருந்தது, மாத்திரை கொடுத்தார், அது முடிந்துபோன விஷயம்.

பிறகு என்னை நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி, விரைப்பையில் ரத்தக் குழாய் புடைத்திருக்கிறதா என்று பார்த்தார். வேரிகோசீல். பொதுவாக ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இருக்கும், பிள்ளையில்லை என்று வருகிறவர்களில் முப்பத்தைந்து நாற்பது பேருக்கு இருக்கும். ரத்தம் தேங்கிச் சூடு ஏறி அங்கே ஆக்சிஜனேற்றம் கூடும். எனக்கு இல்லை. பெரியப்பா மகனுக்கு இருந்தது, அவர் ஆபரேஷன் செய்துகொண்டதை "குடல் இறக்கம்" என்றுதான் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார்.

சூட்டைப் பற்றிக் கேட்டார். விதை உடம்பை விட இரண்டு முதல் நான்கு டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அதற்குத்தான் அது வெளியே தொங்குகிறது. எங்கள் கடையில் தகரக் கூரை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கும் இந்த ஊரில் எல்லாக் கடையும் போல எங்களுக்கும் ஜெனரேட்டர் உண்டு, அது என் நாற்காலிக்குப் பின்சுவரில். சூடும் எனக்குத்தான், புகையும் எனக்குத்தான். போதாததற்கு அப்பா காலத்துக் கைலியை விட்டுவிட்டு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார ஆரம்பித்திருந்தேன். நாகரிகமாம். ஹார்வர்டில் 656 ஆண்களைப் பார்த்து 2018இல் எழுதினார்கள், தளர்ந்த உள்ளாடை போடுகிறவர்களுக்கு விந்தணு அடர்த்தி 25 சதவீதம் அதிகம் என்று. கைலிக்கு அவர்கள் சோதனை வைக்கவில்லை. வைத்திருந்தால் பர்மா முதலிடம் வந்திருக்கும் என்பது என் சொந்தக் கருத்து.

கடைசியாக வாயைத் திறக்கச் சொன்னார். திறக்கவே தேவையில்லை, என் பல் எல்லாவற்றையும் சொல்லிவிடும். சந்து முனையில் ஒரு பையன் சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருப்பான். ஈர வெற்றிலைகளை வரிசையாகப் பரப்பி, தகர டப்பாவிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீரை விரலால் ஒரே இழுப்பில் எல்லா இலையிலும் பூசி, சீவிய பாக்கை ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டாக வைத்து, ஊறப்போட்ட புகையிலையைக் கிள்ளிப் போட்டு, நான்கு மூலையும் மடித்துப் பிளாஸ்டிக் பையில் நான்கு நான்காகத் தருவான். அவன் கையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், அவ்வளவு அழகு. எனக்கு நாளைக்கு நான்கு பை. பாக்கில் இருக்கும் துவர்ப்புச் சரக்கு சுண்ணாம்பின் காரத்தில் ஆக்சிஜனோடு சேரும்போதே சூப்பர்ஆக்சைடும் பெராக்சைடும் கிளம்புகின்றன. வாயிலேயே ஒரு ஆக்சிஜனேற்றத் தொழிற்சாலை. அது விதைவரை நேராகப் போகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாக்கின் அரிகோலின் கொடுத்த எலிகளில் விந்தணு குறைந்ததையும் ஓட்டம் தளர்ந்ததையும் பார்த்திருக்கிறார்கள். புகையிலையைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

"குன்யாவை விட முடியுமா?" என்றார் ஸயாமா. நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "விடுவார்" என்றாள்.

*

விட்டது ஒரு தனிக் கதை, நாற்பது நாள் நாக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதைவிட மாத்திரைக் கதை சுவாரசியம். ஆண்மைக்கு, விந்தணுவுக்கு என்று ஒரு டப்பா வாங்கினேன், பதினொரு சரக்கு சேர்ந்தது. வைட்டமின் சி, ஈ, செலினியம், துத்தநாகம், கார்னிடின், இன்னும் என்னென்னவோ. ஆக்சிஜனேற்றம்தானே நோய், அதை எதிர்க்கிற சரக்கை வாய்வழியே கொட்டினால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டேன். தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. ஸயாமா டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டு உச்சுக்கொட்டினார்.

அமெரிக்காவில் 2020இல் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு வந்தது. ஒன்றில் 171 தம்பதிகள், ஏறக்குறைய நான் வாங்கிய மாதிரியே ஒரு கூட்டு மாத்திரை. விந்தணுவின் ஓட்டமோ வடிவமோ டிஎன்ஏ உடைசலோ, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மேம்படவில்லை. இன்னொன்றில் 2370 ஆண்களை எடுத்து, பாதிப் பேருக்கு ஆறு மாதம் ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் கொடுத்தார்கள். குழந்தை பிறந்தது மாத்திரைக்காரர்களில் 34 சதவீதம், வெறும் மாத்திரைக்காரர்களில் 35. டிஎன்ஏ உடைசல் மாத்திரைக்காரர்களிடம்தான் கொஞ்சம் கூடுதல். அந்தத் துளி பெராக்சைடு தேவை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதையும் சேர்த்து அணைத்துவிடுவதும் நல்லதில்லை போலிருக்கிறது.

எண்ணெய்க்காரனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். காறிய டின்னில் எதைப் போட்டாலும் அது திரும்பாது. வைட்டமின் ஈ போடுவதானால் நல்ல எண்ணெயில், முதல் நாளே போட வேண்டும். காறிய டின்னுக்கு ஒரே வழி, அதை ஒதுக்கிவிட்டு, சட்டியைக் கழுவி, கூரையைச் சரிபண்ணி, அடுத்த ஆட்டலுக்குக் காத்திருப்பது. விந்தணு ஒரு ஆட்டல் உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள், பிறகு சுருள் குழாயில் முதிர்ந்து வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றைக்குக் குன்யாவை விட்டால் அதன் பலனைத் தூக்கிக்கொண்டு வருகிற விந்தணு இன்னும் பிறக்கவே இல்லை. ஜெனரேட்டரைப் பின்சந்துக்குத் தள்ளினேன், கூரைக்குக் கீழே மூங்கில் தட்டி அடித்தேன், கைலிக்குத் திரும்பினேன். டப்பாவை முடிக்கவில்லை.

அம்மாவிடம் சொல்வதுதான் பாக்கி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மொய்ங்கா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். குறை என்னிடம் இருக்கிறது, மருந்து எடுக்கிறேன் என்று. அம்மா, "உனக்கா?" என்றார். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் இவ்வளவு சத்தம் போடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பிறகு எழுந்து அலமாரிக்குப் போய், மருமகளுக்காக வரவழைத்திருந்த லேகிய டப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாதவர் போல நின்றார். கடைசியில் என் முன்னால் வைத்தார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள், "என்னங்க பாக்கறீங்க? ஆறு வருஷம் நான் சாப்பிட்டேன்" என்றாள். அந்த ஒரு கரண்டியை விழுங்கினேன். காறிய எண்ணெயைவிட மோசம். அதற்குப் பிறகு அந்த டப்பாவை வீட்டில் பார்க்கவில்லை, யார் எடுத்துப் போட்டார்கள் என்று நான் கேட்கவும் இல்லை.

மூன்று மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் வெள்ளை அணு கோட்டுக்குக் கீழே வந்திருந்தது. முன்னோக்கி நீந்துபவை 27. இன்னும் முப்பதைத் தொடவில்லை. இன்னொரு சுற்று பார்க்கலாம் என்றார் ஸயாமா. அந்தச் சுற்று இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. குன்யாப் பையன் நான் அவன் மேசையைத் தாண்டும்போது இப்போதும் நான்கு இலையை ஈரத்துணியிலிருந்து எடுக்கிறான், பிறகு ஞாபகம் வந்து திரும்ப வைக்கிறான்.

போன வாரம் பருப்பு மண்டி நண்பர் கடைக்கு வந்தார். கல்யாணமாகி எட்டு வருடம். எண்ணெய் வாங்க வரவில்லை என்பது தெரிந்தது, ஏனென்றால் விலை கேட்கவில்லை. கடைப் பையன் டீ வாங்கப் போகும்வரை கடலையெண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டே நின்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "மாப்ளே, நீங்க போன லேபு எங்க இருக்கு?" என்றார். பில் காகிதத்தைத் திருப்பி வழியை எழுதிக் கொடுத்தேன், அந்தக் கழிவறைத் தாழ்ப்பாளைப் பற்றியும் சொன்னேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பி வந்து, "வெறும் வயித்தோட போகணுமா?" என்று கேட்டார்.

வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போகலாம் என்றேன்.